டொராண்டோ–வான்கூவர் ரயில்: புதிய பெட்டிகளுக்குக் காத்திருக்கலாமா?

வணக்கம். பெற்றோரை 'கனடியன்' ரயிலில் டொராண்டோவிலிருந்து வான்கூவருக்கு அழைத்துச் செல்ல, புதிய பெட்டிகள் வரும்வரை பொறுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பொறுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் குறிப்பிட்ட சீமென்ஸ் நிறுவனத்தின் புதிய ரயில்கள், 2018இல் ஒப்பந்தமாகி 2022 இறுதியில் ஓடத் தொடங்கியவை, கிழக்குக் கனடாவிலுள்ள கியூபெக் நகரம்–விண்ட்சர் தடத்துக்கு மட்டுமே உரியவை. 'கனடியன்' போன்ற தொலைதூர ரயில்களின் பெட்டிகளை மாற்றுவதற்குக் கனடாவின் 2024 மத்திய பட்ஜெட்டில்தான் நிதி அறிவிக்கப்பட்டது என்பதால், அவை தண்டவாளம் ஏறப் பல ஆண்டுகள் ஆகும்.

பழைய பெட்டிகள் என்றாலும் அவை 1954–55இல் அமெரிக்காவின் பட் (Budd) நிறுவனம் கட்டிய எவர்சில்வர் பெட்டிகள். சாதாரண எஃகைப்போல எளிதில் துருப்பிடிப்பதில்லை. நீராவியால் சூடாக்கிய பழைய ஏற்பாட்டை அகற்றி, எஞ்சினிலிருந்து வரும் மின்சாரத்தில் விளக்கும் வெப்பமும் இயங்குமாறு 1990களின் தொடக்கத்தில் அவற்றைப் புதுப்பித்தார்கள். 2022இல் இந்தப் பெட்டிகளின் சட்டக வலிமை குறித்து ஐயம் எழுந்தபோது, மோதல் நேர்ந்தால் அதிர்ச்சியைத் தாங்க முன்னெச்சரிக்கையாக ஆளில்லாத பெட்டிகளையும் சேர்த்தே ஓட்டினார்கள் (அதனால் ரயில் நீண்டதுதான் மிச்சம்).

உங்களுக்கு உண்மையான சிக்கல் வசதிதான். மேல்படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும், குளியலறையும் பொதுவானது. நான்கு இரவுப் பயணம் என்பதால், பெற்றோருக்கு இருவர் தங்கும் தனியறையையே பதிவு செய்யுங்கள். அதிலும் ஒரு படுக்கை மேலேதான் என்பதால், இருவருக்கும் ஏணி ஏற முடியாதென்றால் அதைப் பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.