மேல் வீடு, கீழ் வீடு: கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். ஐ.டி. வேலை, ஐந்து நாளும் வீட்டிலிருந்துதான். மே மாதம் குடும்பத்தோடு குன்னூர் வந்திருந்தோம். சிம்ஸ் பூங்கா பக்கம் ஒரு தெருவில் நடந்தபோது ஓட்டு வீடுகளையும் வாசல் பூந்தொட்டிகளையும் பார்த்து, "இங்கேயே வந்துவிடலாமே" என்றாள் மனைவி. இங்கே பக்கத்து வீட்டு மிக்ஸி எங்கள் படுக்கையறையில் ஓடுகிறது. அங்கே யார் தொல்லையும் இருக்காது என்று தோன்றுகிறது. நீங்களோ அந்த ஊரிலேயே இருந்துகொண்டு மலையைப் பற்றி எழுதுவதில்லை, தெருச் சண்டையைத்தான் எழுதுகிறீர்கள். குடியிருக்க ஊர் எப்படி? மழையெல்லாம் விட்டபிறகு, அக்டோபரில் வீடு பார்க்க வரலாமா?

க.ம.

அன்புள்ள க.ம.,

உங்கள் ஊரில் அண்டை வீடு பக்கத்தில் இருக்கும். இங்கே மேலேயும் கீழேயும் இருக்கும். மேல் வீட்டு அக்கா கோலம் போடும் தரை எங்கள் கூரை உயரத்தில் இருக்கிறது. எங்கள் வாசலில் நின்றால் கீழ் வீட்டுத் தாத்தாவின் தகரக் கூரையில் எந்த ஆணி துருப்பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். மிக்ஸி சத்தம் கேட்காது, சரி. ஆனால் மேலே யார் என்ன சோப்பு போட்டுக் குளித்தார்கள் என்பது எங்கள் சாக்கடையில் மணக்கும். எங்கள் தெருச் சண்டைகள் எல்லாமே தண்ணீர்ச் சண்டைகள். குழாயில் வராத தண்ணீருக்குக் கோடையில், மேலிருந்து வரும் தண்ணீருக்கு மழையில்.

முதலில் மழையைச் சொல்லிவிடுகிறேன். நீலகிரி முழுக்க ஒரே மழை என்று நினைத்திருக்கிறீர்கள். ஜூன், ஜூலையில் ஊட்டிக்கு மேற்கே அவலாஞ்சிப் பக்கம் கொட்டித் தீர்க்கும்போது இங்கே பல நாள் தூறலோடு போய்விடும். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். நீங்கள் விட்டுவிடும் என்று நினைக்கிற அக்டோபரில்தான் ஆரம்பிக்கிறது. 2009 நவம்பர் மழையில் மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த வருடத்திலிருந்து இரவில் கனமழை பிடித்தால் எங்கள் தெருவில் யாரும் முழுத் தூக்கம் தூங்குவதில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்தடி உயரத்தில் ஒரு தடுப்புச் சுவர். அதற்கு மேலேதான் அக்கா வீடு. சுவரில் இரண்டு முழத்துக்கு ஒரு துளை விட்டிருப்பார்கள், மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் வடிவதற்கு. அந்தத் துளை அடைத்துக்கொண்டால் மண் ஊறிக் கனத்துச் சுவரைத் தள்ளும். அக்கா வீட்டில் வாஷிங் மெஷின் வாங்கினார்கள். அதன் குழாயைச் சுவரின் தலைமாட்டில் விட்டுவிட்டார்கள். நான் போய்ச் சொன்னேன். "பத்து பக்கெட் தண்ணிக்கு மலை சரிஞ்சிருமா?" என்று கேட்டார். சுவர் யாருடையது என்றும் ஒரு பேச்சு வந்தது. சுவர் அவர்களைத் தாங்குகிறது, விழுந்தால் எங்கள் மேல் விழும். யார் செலவு செய்வது? ஏழு மாதம் நானும் அவரும் பேசிக்கொள்ளவில்லை.

அப்படிப் பேசாமல் இருந்த வருட நவம்பரில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டியவர் கீழ் வீட்டுத் தாத்தா. தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் நீளக் கம்பி, தலையில் உரச் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தார். "உங்க சுவர் வயிறு தள்ளுது, வாங்க." டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் உப்பியிருந்தது. துளைகள் எதிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. தாத்தா ஒவ்வொரு துளையிலும் கம்பியை விட்டுக் குடைந்தார். நான்காவதில் செம்மண் குழம்பு பீய்ச்சி அடித்து அவர் மார்பெல்லாம் சிவந்துவிட்டது. அதற்குள் மேலே விளக்கு எரிந்தது. அக்கா நைட்டிமேல் ஸ்வெட்டரோடு குழாயைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு மேலே இருந்து ஒரு வாளியைக் கயிற்றில் இறக்கினார், உள்ளே ஃபிளாஸ்க்கில் டீ. சுவர்ச் செலவு இன்னும் தீரவில்லை. மூன்று வீடும் பங்கு போட வேண்டும் என்பது தாத்தாவின் கட்சி. அவர் பங்கு மட்டும் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டுமாம்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு 64 படி. நிறைந்த கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ, படி முனையோடு வண்டிக்காரர் நின்றுவிடுவார். கடல் மட்டத்திலிருந்து 1,850 மீட்டரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு குக்கர் இல்லாமல் வேகாது. தோசை மாவு புளிக்க ஒன்றரை நாள். அதைக் கம்பளியில் சுற்றி வைக்கும் வீடு எங்களுடையது மட்டும் இல்லை. காட்டெருமை படியில் படுத்திருந்தால் அது எழுந்திருக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆபீஸ் மீட்டிங்குக்கு அந்தக் காரணம் இங்கே செல்லும், உங்கள் மேனேஜர் நம்புவாரா என்று தெரியாது. சீசனில் பால் வாங்கக்கூட நாங்கள் வண்டி எடுப்பதில்லை. வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர 2024 மே மாதம் வந்த இ-பாஸ், எங்கள் டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிக்கு வேண்டாம். ஆனால் பாஸ் வாங்கி வந்தவர்களுக்கு நடுவில்தானே நாங்களும் நிற்க வேண்டும்?

வாருங்கள், அக்டோபரிலேயே வாருங்கள். புரோக்கர் உங்களை முதலில் பால்கனிக்குக் கூட்டிப்போய்ப் பள்ளத்தாக்கைக் காட்டுவார். நீங்கள் பின்கட்டுக்குப் போய்ச் சுவரைப் பாருங்கள், துளையில் விரல் விட்டுப் பாருங்கள். பிறகு படியேறி மேல் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். வாஷிங் மெஷின் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்காதீர்கள், கோபம் வரும்.