ஷேக்ஸ் சகோதரிகள்: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். மறுபதிப்பாக வந்த பழைய இசைத்தட்டுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் 'தி ஷேக்ஸ்' என்ற அமெரிக்கச் சகோதரிகளின் இசைக்குழுவை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். பிளஸ் டூ படிக்கும் என் மகள் அதைக் கைபேசியில் தேடிப் போட்டாள். நான் பதினோரு வருடம் வீணை கற்றவள். முதல் பாட்டு முடிவதற்குள் வீட்டில் எல்லாரும் சிரித்துவிட்டோம். கிதாரில் சுருதி சேரவில்லை, டிரம்ஸ் தன்பாட்டுக்குப் போகிறது, பாடுகிறவர்கள் இரண்டையும் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அப்புறம் மகள் அவர்களுடைய கதையைப் படித்துச் சொன்னாள். அப்பா பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி வாசிக்க வைத்த பெண்கள் என்று தெரிந்ததும் சிரித்ததற்கு வருத்தமாகிவிட்டது. என் கேள்வி இதுதான். இப்படி ஒரு பதிவைத் திரும்பத் திரும்ப வெளியிடுவது, அந்தப் பெண்களைத் திரும்பத் திரும்ப மேடையேற்றிக் கேலி செய்வது ஆகாதா? அது மறந்துபோனதாகவே இருந்திருக்கலாமே?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சிரித்ததில் தப்பில்லை. முதல் தடவை கேட்டபோது நானும் சிரித்தேன். நண்பர் ஒருவர் சிடியில் பதிந்து கொடுத்தார். இரண்டு பாட்டு கேட்டுவிட்டு எடுத்து வைத்தேன். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பேருந்தில் போகும்போது அதில் ஒரு மெட்டு மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சுருதி சேராத, தாளம் நிற்காத ஒரு பாட்டு எப்படி இவ்வளவு துல்லியமாக நினைவில் நிற்கிறது என்று யோசித்துத்தான் திரும்பக் கேட்க ஆரம்பித்தேன்.

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், மற்ற வாசகர்களுக்காகவும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஃப்ரீமான்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஆஸ்டின் விக்கின் என்ற பஞ்சாலைத் தொழிலாளி. அவர் சின்ன வயதில் இருந்தபோது அவருடைய அம்மா கைரேகை பார்த்து மூன்று விஷயம் சொன்னாராம். செம்பட்டை கலந்த பொன்னிறத் தலைமுடி உள்ள பெண்ணைக் கட்டுவாய். நான் செத்த பிறகு உனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறப்பார்கள். உன் பெண்கள் ஒரு இசைக்குழு நடத்துவார்கள். முதல் இரண்டும் பலித்துவிட்டன. மூன்றாவதைப் பலிக்க வைப்பது தன் பொறுப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார். ஜாதகத்தில் டாக்டர் யோகம் என்று யாரோ சொன்னதற்காகப் பிள்ளையை வருஷக்கணக்கில் கோச்சிங் வகுப்பில் உட்கார வைக்கிற வீடுகளை நமக்குத் தெரியும். ஆகவே இந்த மனிதரைப் புரிந்துகொள்வது நமக்குக் கஷ்டமில்லை.

தன் பெண்கள் டாட், பெட்டி, ஹெலன் மூன்று பேரையும் பள்ளியிலிருந்து நிறுத்தினார். தபால் வழியில் படிப்பு. கிதாரும் டிரம்ஸும் வாங்கிக் கொடுத்தார். பகலில் பயிற்சி, அவர் வேலையிலிருந்து வந்த பிறகு மறுபடியும் பயிற்சி, நடுவில் உடற்பயிற்சி. வெளியே போய்ப் பழக அனுமதி கிடையாது. 1968இல் பக்கத்து ஊரான எக்ஸீட்டரில் ஒரு திறமைப் போட்டி நடந்தது. அங்கே கூட்டம் கூச்சல் போட்டு, மேடை மேல் குளிர்பான டப்பாக்களை வீசியது. அப்பாவின் பதில், இன்னும் பயிற்சி வேண்டும் என்பதுதான். அதற்குப் பிறகு ஃப்ரீமான்ட் ஊர் மன்றத்தில் சனிக்கிழமை தோறும் வாசித்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் ஆடவும் வந்தார்கள், கேலி செய்யவும் வந்தார்கள்.

1969 மார்ச்சில் அவர்களை மாசசூசெட்ஸ் மாநிலம் ரெவியரில் இருந்த ஃப்ளீட்வுட் ஸ்டுடியோவுக்கு அப்பா அழைத்துப்போனார். இன்னும் நாங்கள் தயாராகவில்லை என்பதுதான் பெண்களின் எண்ணம். அவருக்குப் பொறுமை இல்லை. ஒரே நாளில் பன்னிரண்டு பாட்டு. அதுதான் 'ஃபிலாசஃபி ஆஃப் தி வேர்ல்டு'. தன் சேமிப்பைப் போட்டு 1000 பிரதிகளுக்குப் பணம் கட்டினார். அதில் 900 அவர் கைக்கு வரவே இல்லை. அச்சடித்துத் தருவதாகச் சொன்ன ஆளும் காணாமல் போனார். மீதி நூறு இங்கும் அங்குமாகப் போய்ச் சேர்ந்தது. 1975இல் ஆஸ்டின் மாரடைப்பில் இறந்தார், வயது 47. அவர் போனதும் பெண்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டார்கள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை, அவர்களும் எடுக்கவில்லை.

நீங்கள் சொல்கிற மாதிரி கதை இங்கேயே முடிந்திருக்கலாம். முடிந்திருந்தால் அந்தப் பெண்களிடம் மிச்சம் இருந்திருப்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் போயிற்று. வயசுப் பருவம் போயிற்று. குளிர்பான டப்பா பட்ட நினைவு இருக்கிறது. 900 பிரதிகள் கைக்கு வராமல் போன கணக்கு இருக்கிறது. அவ்வளவுதான். மறந்துபோவது எல்லா நேரமும் கருணை ஆகிவிடாது.

அந்த நூறில் சில எப்படியோ வானொலி நிலையங்களுக்குப் போயிருந்தன. என்ஆர்பிக்யூ என்ற குழுவைச் சேர்ந்த டெர்ரி ஆடம்ஸும் டாம் அர்டோலினோவும் அதைக் கேட்டார்கள். இவர்கள் சிரிக்க ஒரு பொருள் தேடிக்கொண்டிருந்த பொழுதுபோக்குக் கூட்டம் இல்லை. நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள். சகோதரிகளைத் தேடிப் பிடித்துப் பேசினார்கள். 1980இல் ரௌண்டர் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் மூலம் மறுபதிப்பு வந்தது. 1999இல் ஆர்சிஏ விக்டர் நிறுவனம் குறுந்தகடாகக் கொண்டுவந்தது. 2016இல் லைட் இன் தி அட்டிக் என்ற நிறுவனம் மறுபடி இசைத்தட்டாக வெளியிட்டது. நடுவில் நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த ஐம்பது ஆல்பங்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தபோது இதற்கு ஐந்தாவது இடம் கொடுத்திருந்தார். 1969 பிரதி ஒன்று இன்று ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது.

இதில் கேலி இருந்ததா? இருந்தது. 'உலகத்திலேயே மோசமான ஆல்பம்' என்று எழுதியவர்கள் உண்டு. அதைச் சொல்லியே விற்றவர்களும் உண்டு. 'அவுட்சைடர் மியூசிக்', அதாவது வெளியாட்களின் இசை, என்று ஒரு பெட்டி செய்து அதில் போட்டார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவே இல்லை. சொந்த ஊர் மன்றத்தில் வாராவாரம் தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு முன்னால் வாசித்தவர்கள் எப்படி வெளியாட்கள் ஆவார்கள்?

சரி, பாட்டுக்கு வருவோம். நீங்கள் வீணை கற்றவர் என்பதால் ஒன்று கேட்கிறேன். இந்தத் தடவை டிரம்ஸை விட்டுவிட்டு டாட்டின் கிதாரை மட்டும் பின்தொடருங்கள். அது குரலுக்குப் பின்னால் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது) போடவில்லை. குரல் போகிற இடத்துக்கெல்லாம் எழுத்துக்கு எழுத்து கூடவே போகிறது. பாட்டுக்குக் கூட வாசிக்கும்போது சாகித்யத்தின் ஒவ்வோர் எழுத்துக்கும் நீங்கள் மீட்டு விழ வைப்பீர்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. வரியின் நீளத்தை முடிவு செய்வது சொல். ஒரு வரியில் சொல் அதிகம் என்றால் வரி நீளும், அடுத்தது சட்டென்று முடியும். நம் ஊர் ஒப்பாரியிலும் இப்படித்தான். பாடுகிற கிழவி எட்டு அட்சரம் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்கிறவரை மூச்சும் ராகமும் காத்திருக்கும். அதைக் கேட்டு நாம் தாளம் தப்பியது என்று சொல்வதில்லை. டாட்டின் பாட்டில் நமக்கு நெருடுவது எதனால் என்றால், ஒப்பாரி மாதிரி நடக்கிற மெட்டுக்குப் பக்கத்தில் ஹெலன் ஒரு பாப் பாட்டின் டிரம்ஸை நேராக வாசித்துக்கொண்டு போகிறார். இரண்டு கடிகாரம் ஒரே அறையில் ஓடுகிறது.

அந்தப் பதிவைப் பற்றிச் சொல்லப்படுகிற ஒரு விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பாட்டின் நடுவில் பெண்கள் நிறுத்துவார்களாம். ஒருத்தி தப்பு செய்துவிட்டாள், முதலிலிருந்து எடுக்கிறோம் என்பார்களாம். எது தப்பு, எது சரி என்று ஸ்டுடியோ பொறியாளர்களுக்குப் புரியவில்லை. பெண்களுக்குத் தெரிந்திருந்தது. வருஷக்கணக்கில் ஒரே வீட்டுக்குள் பழகிய இசைக்கு ஓர் இலக்கணம் இருந்திருக்கிறது. அந்த வீட்டுக்கு வெளியே அது யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

பாட்டுகளில் என்ன எழுதியிருக்கிறார் டாட்? காணாமல் போன செல்லப் பிராணியைத் தேடுவது பற்றி 'மை பால் ஃபுட் ஃபுட்' என்று ஒரு பாட்டு. 'ஃபுட் ஃபுட்' என்பது அவர்களுடைய பூனையின் பெயர். ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய முதல் பாட்டு முழுக்க நம் இக்கரைக்கு அக்கரைப் பச்சைதான். பணக்காரனுக்கு ஏழையிடம் இருப்பது வேண்டும், ஏழைக்குப் பணக்காரனிடம் இருப்பது, ஒல்லிக்குக் குண்டாக வேண்டும், குண்டுக்கு ஒல்லியாக, இந்த உலகத்தில் யாரையும் திருப்திப்படுத்த முடியாது என்று ஒரு பெண் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். எழுதியவள் தன் அப்பாவைத் திருப்திப்படுத்த தினமும் முயன்றுகொண்டிருந்தவள்.

'ஹூ ஆர் பேரண்ட்ஸ்?' என்ற பாட்டைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். பெற்றோர் என்றால் யார்? உண்மையாக அக்கறை காட்டுகிறவர்கள், எப்போதும் கூட இருப்பவர்கள் என்கிறது. சில பிள்ளைகள் பெற்றோரைக் கொடுமைக்காரர்கள் என்று நினைக்கிறார்கள் என்றும் சொல்கிறது. அப்பா எதிரில் நிற்க அந்தப் பெண்கள் இதைப் பாடியிருக்கிறார்கள். இதில் எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு பயம், எவ்வளவு அப்பாவுக்காகச் சொன்னது? நான் பல வருடமாகக் கேட்கிறேன், பிரித்தெடுக்க முடியவில்லை. நல்ல பாடகி ஒருத்தி இதைப் பாடியிருந்தால் ஏதாவது ஒரு பக்கம் சாய்த்துப் பாடியிருப்பாள். டாட் சாய்க்கவில்லை. அதனால்தான் அது இன்னும் திறந்தே கிடக்கிறது. 1975இல், அப்பா இறப்பதற்கு முன், அவர்கள் மறுபடி பதிவு செய்த பாட்டுகள் 1982இல் வெளிவந்தன. அதற்குள் கை பழகியிருந்தது, தாளம் கூடி வந்தது. கேட்க இதமாக இருக்கும். ஆனால் எனக்கு 1969 பதிவுதான்.

இப்போது உங்கள் கேள்வி. மறுபதிப்பு கேலி ஆகுமா என்பதை நான் ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான் பார்க்கிறேன்: அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டார்களா? 1969இல் யாரும் கேட்கவில்லை. பள்ளியை விடலாமா, மேடை ஏறலாமா, பதிவு செய்யலாமா, ஒன்றுகூட அவர்கள் முடிவு இல்லை. அவர்களுக்கு நடந்த கொடுமை அது. ஒரு மாநகர விமர்சகர் எழுதிய கேலி வரி அதற்குப் பக்கத்தில் கூட நிற்காது. மறுபதிப்புக்குப் பிறகுதான், வாழ்க்கையில் முதல் தடவையாக, இசை விஷயத்தில் அவர்கள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் நிலை வந்தது. 1999இல் நியூ யார்க்கில் ஒரு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது டாட்டும் பெட்டியும் வந்து வாசித்தார்கள். ஹெலன் வரவில்லை. அவர் 2006இல் காலமானார். இது எல்லாருக்கும் இனிப்பாக முடிந்த கதை என்று நான் சொல்லமாட்டேன். ஹெலனுக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதை எழுதும்போது மனசு கனக்கிறது.

ஆனால் டாட்டைப் பாருங்கள். 2013இல், அறுபது தாண்டிய வயதில், தன் பெயரிலேயே ஒரு குழுவோடு 'ரெடி! கெட்! கோ!' என்ற ஆல்பம் கொண்டுவந்தார். பழைய காலத்தில் எழுதிப் பதிவு செய்யாமல் விட்ட பாட்டுகளும் அதில் இருக்கின்றன. இந்தத் தடவை பயிற்சி செய் என்று தலைமாட்டில் நிற்க யாரும் இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பாட்டுகளை அவர் தூக்கி எறியாமல் இருந்திருக்கிறார் என்றால், அவை அப்பாவுடையவை மட்டும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. 2017இல் மாசசூசெட்ஸ் மாநிலம் நார்த் ஆடம்ஸில் வில்கோ என்ற ராக் குழு நடத்தும் சாலிட் சவுண்ட் விழாவில் அவரும் பெட்டியும் மேடையேறிப் பாடினார்கள். அவர்களுக்குப் பின்னால் வாசித்தவர்கள் தேர்ந்த வாத்தியக்காரர்கள். அந்த 1969 பதிவில் டிரம்ஸ் எங்கே விலகுகிறது, கிதார் எங்கே ஒரு எழுத்து காத்திருக்கிறது என்பதையெல்லாம் அவர்கள் உட்கார்ந்து பாடம் பண்ண வேண்டியிருந்தது.

உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு, நீங்கள் வீணையை எடுத்து 'மை பால் ஃபுட் ஃபுட்' மெட்டை வாசியுங்கள், டிரம்ஸ் இல்லாமல், அவள் சொல்லைப் பாடட்டும். முதல் இரண்டு வரி போதும். எத்தனை தடவையில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.