முதலில் உடம்பு, அப்புறம் புத்தகம்: விமானப்படை விமானி ஆக விரும்புவோருக்கு

இந்திய விமானப்படையில் ஹெலிகாப்டர் விமானியாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பைலட் ஆவதற்கு விண்ணப்பிப்பது தொடர்பாக வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். விமானப்படையில் பைலட் ஆகவேண்டும் என்று நாலு வருடமாகச் சொல்கிறாள். டாக்டர் ஆசையும் கொஞ்சம் உண்டு. அதனால் ப்யூர் சயின்ஸ் குரூப் போடலாம் என்கிறார் என் கணவர். சொந்தக்காரர்களோ, ‘பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு’ என்கிறார்கள். – ஒரு தாய், விருத்தாசலம்

ப்யூர் சயின்ஸ் வேண்டவே வேண்டாம் அம்மா. கணிதம் இல்லாத குரூப்பில் சேர்ந்தால் விமானி ஆகும் வழி அன்றைக்கே அடைபட்டுவிடும். பயோ-மேத்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். நீட் எழுதும் வாய்ப்பும் கையில் இருக்கும், பறக்கும் வாய்ப்பும் இருக்கும். பிளஸ் டூ முடித்ததும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) வழியாக விமானப்படைக்குப் போக இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும். பட்டம் வாங்கிவிட்டு, விமானப்படையின் நுழைவுத் தேர்வான ஏஎஃப்கேட் எழுதினாலும், பிளஸ் டூவில் இயற்பியலிலும் கணிதத்திலும் தலா 50 சதவீதம் கேட்பார்கள். கல்லூரியில் எவ்வளவு மார்க் எடுத்தாலும் இந்தக் குறையை ஈடுகட்ட முடியாது.

சொந்தக்காரர்களுக்கும் ஒரு பதில். அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் 2016 ஜூனில் இந்தியாவின் முதல் பெண் போர் விமானிகளாகப் பொறுப்பேற்றார்கள். 2021-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு என்.டி.ஏ.வும் பெண்களுக்குத் திறந்தது. அங்கே சேர்ந்த முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்துவிட்டது. உங்கள் மகள் புதிதாக எதையும் உடைக்க வேண்டியதில்லை, போட்டிருக்கிற பாதையில் நடந்தால் போதும்.

கோச்சிங் சென்டரைத் தேடுவதற்கு முன்னால் ஒரு இன்ச் டேப்பை எடுங்கள். பறக்கும் பிரிவுக்கு உயரம் குறைந்தது 162.5 செ.மீ. வேண்டும். மற்ற பிரிவுகளில் பெண்களுக்கு உயரத்தில் சலுகை உண்டு, இதில் இல்லை. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவப் பரிசோதனையில் இன்னும் மூன்று அளவுகள் எடுப்பார்கள். முதுகும் இடுப்பும் சுவரில் நன்றாக ஒட்டும்படி தரையில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டச் சொல்லுங்கள். சுவரிலிருந்து குதிகால் வரை உள்ள நீளம் 99 முதல் 120 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் தலை உச்சி வரை உயரம் 81.5 முதல் 96. அப்புறம் நாற்காலியில் உட்காரவைத்து, பின்பக்கத்திலிருந்து முழங்கால் முன்பகுதி வரை அளந்தால் 64-ஐத் தாண்டக் கூடாது. கால் குட்டையாக இருந்தால் ரடர் பெடல் எட்டாது. தொடை நீளமாக இருந்தால், ஆபத்தில் இருக்கையோடு வெளியே எறியப்படும்போது முழங்கால் முன்னால் இருக்கும் கருவிப் பலகையில் மோதிவிடும். அதனால்தான் அரை சென்டிமீட்டருக்குக்கூட அங்கே யாரும் கண்ணை மூடிக்கொள்ள மாட்டார்கள். வளர்கிற வயதுதான், அடுத்த வருடமும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

கண்ணையும் இப்போதே ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். பார்வை மட்டும் பார்த்தால் போதாது. வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா சோதனையையும் கேட்டுச் செய்யுங்கள். நிறக்குறைபாடு இருக்கிறதென்று பலருக்கு இருபது வயதுவரை தெரிவதில்லை. அதற்குச் சிகிச்சையும் இல்லை, விமானி தேர்வில் விலக்கும் இல்லை.

இதெல்லாம் சரியாக இருந்தால் தயங்காமல் என்.டி.ஏ.வுக்குத் தயார் செய்யுங்கள். யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். கணிதத்துக்கு 300, பொதுத் திறன் தாளுக்கு 600, நேரில் வைத்துச் சோதிக்கும் தேர்வு வாரியத்துக்கு (போர்டு) 900 மதிப்பெண். பாதி மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு வெளியே இருக்கிறது என்பதை இப்போதே மனதில் வையுங்கள்.

இன்ஜினீயரிங் கடைசி வருடம். ஒரு அரியர் இருக்கிறது. ஏஎஃப்கேட் போடலாமா? ஆதாரில் என் பெயர் இனிஷியலோடும், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் வேறு மாதிரியும் இருக்கிறது. – மெக்கானிக்கல் மாணவர், ஈரோடு

கடைசி வருட மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் தேர்வு வாரியத்துக்குப் போகும் நேரத்தில் நிலுவையில் ஒரு பேப்பர்கூட இருக்கக் கூடாது, அதுவரை வந்த முடிவுகளில் 60 சதவீதமும் இருக்க வேண்டும். அதனால் அந்த அரியர்தான் உங்கள் முதல் பரீட்சை தம்பி. ஏஎஃப்கேட் வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. பறக்கும் பிரிவுக்கு வயது, பயிற்சி தொடங்கும் தேதியில் 20 முதல் 24 வரை. செல்லத்தக்க கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் 26 வரை. வயதைப் பரீட்சை தேதியில் கணக்குப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. பயிற்சி அடுத்த வருடம்தான் தொடங்கும்.

பெயர் விஷயத்தை அலட்சியமாக விடாதீர்கள். நம் ஊரில்தான் இந்தத் தலைவலி அதிகம். ஒரு சான்றிதழில் ‘கே. முருகன்’, இன்னொன்றில் ‘முருகன் கே’, ஆதாரில் ‘முருகன் கந்தசாமி’. விண்ணப்பத்தில் உங்கள் பெயரும் பெற்றோர் பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஆதாரைத்தான் அதற்கு ஏற்றபடி திருத்த வேண்டும். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த மாதமே இ-சேவை மையத்துக்குப் போய் வாருங்கள். விண்ணப்பத்தில் தரைப் பணிப் பிரிவுகளையும் விருப்பமாகக் குறியுங்கள், ஏனென்று இரண்டு கேள்வி தள்ளிச் சொல்கிறேன்.

எழுத்துத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரத்தில் 100 கேள்விகள், சரிக்கு 3, தவறுக்கு 1 கழிவு, முழுக்க ஆங்கிலத்தில். பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போட்டுப் பழகினால் சமாளிக்கலாம். கல்லூரியில் என்.சி.சி. ஏர் விங்கில் ‘சி’ சான்றிதழ் வைத்திருந்தால் இந்தத் தேர்வே எழுதாமல் என்.சி.சி. சிறப்பு நுழைவில் நேராக வாரியத்துக்குப் போகலாம். தகுதி உள்ள பல பிள்ளைகளுக்கு இது தெரிவதே இல்லை.

மைசூரு போர்டுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை முதல் நாளிலேயே ஸ்க்ரீன்டு அவுட், அடுத்த முறை கடைசி நாளில் கான்ஃபரன்ஸ் அவுட். கோச்சிங்கில் சொன்னதைத்தான் அப்படியே செய்தேன். என் ஆங்கிலம்தான் காரணமா? – பட்டதாரி, தஞ்சாவூர்

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன்: ‘கோச்சிங்கில் சொன்னதைத்தான் அப்படியே செய்தேன்.’ அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வாரியத்தில் மனோதத்துவ நிபுணர், குழுப் பணிகளைப் பார்க்கும் அதிகாரி, நேர்முகம் செய்யும் அதிகாரி என்று மூன்று பேர் உங்களைத் தனித்தனியாக எடைபோடுகிறார்கள். கடைசி நாள் கான்ஃபரன்ஸில்தான் மூவரும் ஒன்றாக உட்காருகிறார்கள். எழுத்தில் ஒரு ஆள், மைதானத்தில் வேறு ஆள், அறைக்குள் இன்னொரு ஆள் என்று தெரிந்தால் அங்கே தேறுவது கடினம்.

கதை எழுதும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் படம் 30 விநாடி, எழுத 4 நிமிடம், இப்படி வெற்றுப் படத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு. மங்கலான படத்தில் ஒரு பையன் ஜன்னல் பக்கம் நிற்கிறான் என்று வையுங்கள். பயிற்சி பெற்ற எல்லோருக்கும் அவன் ராணுவக் கனவு காண்பவன், ஊரில் வெள்ளம் வரும், படகு ஏற்பாடு செய்து நூறு பேரைக் காப்பாற்றுவான், கலெக்டர் பாராட்டுவார். உங்கள் தெருவில் தண்ணீர் லாரி வராதபோது நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் என்ன செய்தீர்களோ அதை வைத்து எழுதுங்கள். சின்னக் கதையாகத்தான் இருக்கும். ஆனால் அதில் யார், எப்போது, எதை, எப்படிச் செய்தார்கள் என்பது இருக்கும். வார்த்தைச் சோதனையும் அப்படித்தான். 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. ‘தோல்வி’ என்று வந்ததும் ‘தோல்வியே வெற்றிக்கு முதல் படி’ என்ற பொருளில் எழுதிவைப்பதால் உங்களைப் பற்றி மனோதத்துவ நிபுணருக்கு ஒன்றும் தெரிந்துவிடாது.

மைதானத்தில் பலகை, கட்டை, கயிறு கொடுத்துத் தடைகளைக் கடக்கச் சொல்வார்கள். அங்கே சத்தம் போட்டால்தான் தலைமைப் பண்பு என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். யோசனை தோன்றினால் சொல்லுங்கள், தோன்றவில்லையென்றால் மற்றவன் யோசனை வேலை செய்ய பலகையின் நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். அதிகாரி கண்ணில் அதுவும் படும்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். இலக்கண சுத்தம் தேவையில்லை, சொல்ல வந்தது தடையில்லாமல் வர வேண்டும். முதல் நாள் ஸ்க்ரீனிங்கில் ஒரு படத்துக்குக் கதை எழுதி, அதைக் குழுவில் சொல்லி, விவாதிக்க வேண்டும். நீங்கள் முதல் முறை அங்கே விழுந்ததால் இதில் மட்டும் மொழி ஒரு காரணமாக இருந்திருக்கலாம். தினமும் ஒரு செய்தியைப் படித்து, ஒரு நிமிடம் சத்தமாக உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லிப் பழகுங்கள். கூட ஒரு நண்பன் இருந்தால் இன்னும் நல்லது.

நேர்முகத்தில் உங்களைப் பற்றியும் உங்களைச் சுற்றி இருப்பதைப் பற்றியும்தான் கேட்பார்கள். நீங்கள் தஞ்சாவூர்க்காரர். உங்கள் ஊர் விமானதளத்தில் 2020 முதல் சுகோய்-30 போர் விமானங்களோடு 222-வது ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) இருக்கிறது. அதைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். விமானி ஆக ஆசைப்படுகிறவன் தலைக்கு மேல் போகும் சத்தம் எதுவென்று தேடிப் பார்த்திருப்பான் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். வயது இருக்கும்வரை வாரியத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். மறுபடி போங்கள்.

போர்டில் தேறினேன். சி.பி.எஸ்.எஸ். தேர்வில் ஃபெயில். இனி எந்த வழியும் இல்லையா? – பெயர் வேண்டாம், மதுரை

வருத்தமாக இருக்கிறது தம்பி. இந்தத் தேர்வு தெரியாத வாசகர்களுக்கு: கணினி முன்னால் உட்காரவைத்து, கையில் ஜாய்ஸ்டிக், காலில் பெடல் கொடுத்து, கண்ணும் கையும் காலும் ஒரே நேரத்தில் ஒத்துழைக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். தவறினால் விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு மறுபடி வர முடியாது. உங்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் வாரியம் உங்களை அதிகாரியாகத் தகுதி உள்ளவர் என்று சொல்லிவிட்டது, அது சாதாரண விஷயமில்லை. தரைப் பணிப் பிரிவுகளையும் விருப்பத்தில் குறித்திருந்தால் அதே தேர்வில் அவற்றுக்குப் பரிசீலிக்கப்படுவீர்கள். நான் வானத்தில் இருந்தபோது மேகம் அடைத்துக்கொண்ட நேரங்களில் தரையிலிருந்து ரேடியோவில் பேசிய கண்ட்ரோலரின் குரலை நம்பித்தான் இறங்கியிருக்கிறேன். அந்த வேலையின் மதிப்பு எனக்குத் தெரியும். பறப்பதே முக்கியம் என்றால் சிவில் விமானி லைசென்ஸுக்கு இந்த முடிவு தடையில்லை, செலவுதான் பெரிது.

இனிமேல் இந்தத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முந்தைய நாள் ராத்திரி ஒழுங்காகத் தூங்குங்கள். விளக்கம் சொல்லும்போது புரியவில்லையென்றால் கையைத் தூக்கிக் கேளுங்கள். காய்ச்சலோடு போய் உட்காராதீர்கள், அங்கேயே சொல்லிவிடுங்கள்.

கண்ணாடி போட்டிருக்கிறேன். லேசிக் செய்துகொண்டால் பைலட் ஆகலாமா? – மாணவர், நாகர்கோவில்

என்.டி.ஏ. வயதில் செய்துகொள்ளக் கூடாது. இருபது வயதுக்கு முன்னால் செய்த அறுவை சிகிச்சையை ஏற்க மாட்டார்கள். அதற்குப் பிறகு செய்து, பன்னிரண்டு மாதம் கழிந்து, கருவிழியின் தடிமன் முதலான அளவுகள் சரியாக இருந்தால் ஏஎஃப்கேட் வழியில் பரிசீலிப்பார்கள். பவர் ஆறுக்கு மேல் இருந்திருந்தால் அதுவும் இல்லை. அறுவைக்கு முந்தைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

அக்னிவீர் வாயுவில் சேர்ந்தால் பைலட் ஆக்குவார்களா? – திண்டிவனம்

இல்லை. அது நான்கு வருடத்துக்கான வேறு பணி. விமானி என்பவர் அதிகாரி, அதற்கு என்.டி.ஏ., பட்டதாரிகளுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ்., ஏஎஃப்கேட், என்.சி.சி. வழிகள்தான்.

ஏர்ஃபோர்ஸில் ஆள் இருக்கிறார், லட்சக்கணக்கில் கொடுத்தால் பைலட் சீட் உறுதி என்று ஒருவர் சொல்கிறார். முன்பணம் கேட்கிறார். – ஒரு தந்தை, சேலம்

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் ஐயா. ஏஎஃப்கேட் எழுத 550 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் கட்டணம், என்.சி.சி. வழிக்கு அதுவும் இல்லை. முதல் முறை வாரியத்துக்குப் போகும் பிள்ளைக்கு ரயில் கட்டணத்தைக்கூட அவர்களே திருப்பித் தருகிறார்கள். தேர்வான பிறகு, விமானப்படையின் துண்டிகல் அகாடமியில் கடைசி வருடப் பயிற்சியின்போது மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. விமானப்படைக்கு ஏஜென்ட் என்று யாருமே கிடையாது. அந்த ஆளிடம் மகனின் அசல் சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திரும்ப வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள்.