மருந்தியல் படிக்க ஆசையா? – கேள்வி பதில்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து மருந்தியல் (ஃபார்மகாலஜி, அதாவது மருந்து உடலில் எப்படி வேலை செய்கிறது என்று படிப்பது) படிப்பு பற்றிப் பலர் கேட்கிறார்கள். பி.ஃபார்ம் (பார்மசி இளநிலைப் பட்டம்) மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி (தேனி): பயாலஜி குரூப் முடித்திருக்கிறேன் சார். மருந்தியலை மட்டும் தனி டிகிரியாகப் படிக்க முடியுமா?

பதில்: பிரிட்டனில் பள்ளி முடித்த கையோடு பி.எஸ்சி. மருந்தியல் சேரலாம். இங்கிலாந்தில் 3 வருடம், ஸ்காட்லாந்தில் 4 வருடம். நம் ஊரில் பெரும்பாலும் பி.ஃபார்ம் வழியாகத்தான் போகவேண்டும். 4 வருடம், 8 செமஸ்டர். முதல் இரண்டு செமஸ்டரில் உடற்கூறும் உடலியங்கியலும் படிப்பீர்கள். 4, 5, 6-ஆம் செமஸ்டர்களில் மருந்தியல் மூன்று பேப்பராக வரும். அப்புறம் முதுநிலைப் படிப்பான எம்.ஃபார்மில் 2 வருடம் மருந்தியலையே சிறப்புப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம்.

நடுவில் வேதியியல் நிறைய இருக்கும். "எனக்கு மருந்தியல்தானே வேண்டும்" என்று அதை ஒதுக்காதீர்கள். ஹைட்ராக்சிசின் என்ற பழைய அலர்ஜி மாத்திரை போட்டால் தூக்கம் ஆளைச் சாய்த்துவிடும். அது உடலுக்குள் மாறி உண்டாகும் பொருள்தான் செட்ரிசின். மூலக்கூறில் ஒரு கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி வந்துவிட்டதால் செட்ரிசின் மூளைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை, தூக்கமும் குறைவு. இதை விளக்குவது வேதியியல்தான்.

கேள்வி (நாமக்கல்): நான் மேத்ஸ் குரூப், பயாலஜி படிக்கவில்லை. சேரலாமா? நீட் வேண்டுமா?

பதில்: சேரலாம். இயற்பியல், வேதியியலோடு கணிதமோ உயிரியலோ இருந்தால் போதும். உயிரியல் படிக்காதவர்களுக்கு முதல் செமஸ்டரில் அதற்கென்றே ஒரு பேப்பர் உண்டு. நீட் வேண்டாம்.

கேள்வி (லண்டனில் இருந்து ஒரு அம்மா): மகள் ஏ லெவலில் (இங்குள்ள ப்ளஸ் டூ மாதிரி) வேதியியலும் உயிரியலும் எடுத்திருக்கிறாள். பி.எஸ்சி. மருந்தியலா, எம்.ஃபார்மா என்று முடிவெடுக்க முடியவில்லை.

பதில்: மகளுக்கு நோயாளிகளோடு பேசி வேலை செய்யப் பிடிக்குமா, ஆய்வுக்கூடத்தில் இருக்கப் பிடிக்குமா என்று முதலில் கேளுங்கள். அங்கே எம்.ஃபார்ம் என்பது நம் ஊர் போல மேற்படிப்பு இல்லை, பள்ளி முடித்ததும் சேர்வது. பார்மசிஸ்ட் ஆக 4 வருட எம்.ஃபார்ம், பிறகு ஒரு வருடப் பயிற்சி, பதிவுத் தேர்வு என்று போகவேண்டும். பி.எஸ்சி. மருந்தியலை மட்டும் வைத்துக்கொண்டு அங்கேயும் பார்மசிஸ்ட்டாகப் பதிய முடியாது, இந்தியா வந்தாலும் முடியாது. சேர்ந்த பிறகு இது தெரிந்து வருந்தும் பெற்றோர் உண்டு. ஆராய்ச்சியில்தான் ஆசை என்றால் பி.எஸ்சி. அருமையான படிப்பு. நடுவில் ஒரு வருடம் கம்பெனியிலோ ஆய்வுக்கூடத்திலோ வேலை செய்யும் வாய்ப்பு உள்ள கோர்ஸாகப் பாருங்கள்.

கேள்வி (திருநெல்வேலி, 4-ஆம் செமஸ்டர்): மருந்துப் பெயர்கள் எதுவுமே மனதில் நிற்கவில்லை சார். முந்நூறு பெயரை எப்படி மனப்பாடம் செய்வது?

பதில்: பெயரில் ஆரம்பிக்காதீர்கள் தம்பி, உறுப்பில் ஆரம்பியுங்கள். இந்த செமஸ்டரில் உங்களுக்கு வரும் அட்ரினலின் பாடத்தையே எடுத்துக்கொள்வோம்.

அட்ரினலின் வேலை செய்யும் ஏற்பிகள் (செல்லில் மருந்தோ ஹார்மோனோ வந்து ஒட்டும் இடங்கள்) ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை என 1948-ல் அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் எழுதினார். பீட்டாவிலும் பிரிவுகள் உண்டு என்பது பிறகு தெரிந்தது. இதயத்தில் பெரும்பாலும் பீட்டா-1. தூண்டினால் துடிப்பு வேகமாகும். மூச்சுக்குழாயின் தசையில் பீட்டா-2. தூண்டினால் குழாய் விரியும். இந்த இரண்டு வரியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சால்பியூட்டமால் முக்கியமாக பீட்டா-2-ஐத் தூண்டுகிறது, அதனால்தான் ஆஸ்துமா இன்ஹேலரில் இருக்கிறது. அடிக்கடி இழுத்தால் கை நடுங்குவது ஏன்? கைத் தசைகளிலும் பீட்டா-2 உண்டு. புரோப்ரனலால் இரண்டு பீட்டாவையும் அடைக்கிறது. இதயத்தின் ஆக்சிஜன் தேவையைக் குறைத்தால் நெஞ்சுவலி குறையும் என்று யோசித்து ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய மருந்து அது. 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புரோப்ரனலாலை ஆஸ்துமாக்காரருக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? மூச்சுக்குழாய் சுருங்கும், உயிருக்கே ஆபத்து. இதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அந்த இரண்டு வரியிலிருந்தே வந்துவிடும்.

இன்னும் ஒரு படி போங்கள். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டும் இரண்டு பீட்டாவையும் அடைப்பதுதான். கண்ணில் விடும் ஒரு சொட்டு நுரையீரலை என்ன செய்துவிடும்? கண்ணீர் வடியும் பாதை வழியாக அது மூக்குக்குள் இறங்குகிறது. அங்கிருந்து ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரையைப் போல முதலில் கல்லீரலில் சிதைவதும் இல்லை. ஆஸ்துமா உள்ளவருக்கு அந்தச் சொட்டிலேயே மூச்சுத்திணறல் வரலாம். சொட்டு விட்டதும் கண்ணின் உள்மூலையை ஓரிரு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

இப்படி ஒவ்வொரு மருந்தையும் "ஏன்" என்று கேட்டுப் படித்தால் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும். பெயரின் வாலும் உதவும்: 'ப்ரில்', 'சார்ட்டன்' என்று முடிந்தால் ரத்த அழுத்த மருந்து, 'ப்ரசோல்' என்று முடிந்தால் பெரும்பாலும் வயிற்றின் அமிலத்தைக் குறைப்பது.

கேள்வி (கும்பகோணம்): தவளை, எலியை எல்லாம் அறுக்க வேண்டுமா? மனசு ஒப்பவில்லை.

பதில்: பயப்படாதீர்கள். பி.ஃபார்ம் பாடத்திட்டத்தில் விலங்குச் சோதனைகளை மென்பொருளிலும் வீடியோவிலும்தான் காட்டவேண்டும். புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்ஃபார்ம் என்ற மென்பொருள் இதற்குப் பல கல்லூரிகளில் பயன்படுகிறது. திரையில் முயலின் கண்ணில் சொட்டு விட்டால் பாவை விரிவதையும் சுருங்குவதையும் பார்க்கலாம். எம்.ஃபார்மில் மருந்தியல் எடுத்தால் எலிகளோடு வேலை செய்ய நேரிடலாம். அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். மனம் ஒப்பாதவர்கள் அந்தக் கட்டத்தில் வேறு பிரிவுக்குப் போகலாம், தவறே இல்லை.

கேள்வி (ஈரோடு): கணக்கு வராது. சமாளிக்கலாமா?

பதில்: பாதியாக வகுக்கத் தெரிந்தால் ஆரம்பிக்கலாம். ஒரு மருந்தின் அரை ஆயுள் 6 மணி நேரம் என்றால், ரத்தத்தில் இருந்த அளவு 6 மணி நேரத்தில் பாதி, 12-ல் கால். ஐந்து அரை ஆயுளில் கிட்டத்தட்ட 97 சதவீதம் போய்விடும். தொடர்ந்து போடும் மருந்து உடலில் சேர்ந்து நிலையான அளவுக்கு வரவும் அதே காலம்தான் ஆகும். ரத்த அழுத்த மருந்தான அம்லோடிபினின் அரை ஆயுள் 30 முதல் 50 மணி நேரம். அதனால் முழுப் பலன் தெரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இரண்டாம் நாளே "பிரஷர் குறையவில்லை" என்று மாத்திரையை நிறுத்துகிறவருக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்லவேண்டும்.

கேள்வி (விழுப்புரத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் ஒரு அப்பா): கடையைப் பார்த்துக்கொள்ள மகனுக்கு டி.ஃபார்ம் (பார்மசி டிப்ளமோ) போதாதா?

பதில்: கடைக்குப் போதும். 2 வருடம், அதற்குமேல் 500 மணி நேரப் பயிற்சி. பிறகு விருப்பம் வந்தால் நேராக பி.ஃபார்ம் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பையனுக்கு என்ன ஆசை என்று ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள் அண்ணா.

கேள்வி (கோவை): வேலை கிடைக்குமா?

பதில்: மருந்தின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் ஃபார்மகோவிஜிலன்ஸ், மருந்துகளை மனிதர்களிடம் சோதிக்கும் கிளினிக்கல் ரிசர்ச் ஆகிய இரண்டும் மருந்தியல் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு ஏற்ற துறைகள். ஆரம்பச் சம்பளத்தை நம்பி யாரும் இதில் வரவேண்டாம் என்று மாணவர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். மேலே படிக்க விரும்பினால் எம்.ஃபார்ம் நுழைவுத் தேர்வான ஜிபேட் எழுதுங்கள். அதில் தேறி எம்.ஃபார்ம் சேர்ந்தால் உதவித்தொகை கிடைக்கவும் வாய்ப்பு உண்டு.

கேள்வி (அரியலூர்): தமிழ் மீடியம் நான். ஆங்கிலப் புத்தகத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது. கல்லூரி திறப்பதற்குள் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் ப்ளஸ் டூ பாடத்தில் இதயம், சிறுநீரகம், நரம்பு, செரிமானம் இந்த நான்கையும் தமிழிலேயே இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். கூடவே ஆங்கிலச் சொற்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி போடும் மாத்திரை அட்டைகளில், பிராண்டு பெயருக்குப் பக்கத்திலோ கீழேயோ இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். எந்த உறுப்புக்கு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டுக் குறித்துவையுங்கள். முதல் செமஸ்டரில் புரியாத இடம் வந்தால் அன்றைக்கே ஆசிரியரிடம் தமிழில் கேளுங்கள்.