பள்ளி லாக்கருக்குச் சாவிப் பூட்டு வாங்கலாமா, எண் பூட்டு வாங்கலாமா?

மகளுக்குப் பள்ளியில் லாக்கர் கொடுத்திருக்கிறார்கள், எந்தப் பூட்டு பத்திரம் என்று கேட்டிருக்கிறீர்கள். எண் பூட்டையே வாங்குங்கள். சாவியைத் தொலைக்காத பள்ளிப் பிள்ளையை நான் இன்னும் பார்த்ததில்லை. ஆனால் எண் பூட்டை வைத்துக்கொண்டே பொருளைப் பறிகொடுத்தவன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் இருந்தது மூன்று சக்கரப் பூட்டு. 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள்; அத்தனையையும் திருப்பிப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும் என்று நிம்மதியாக இருந்தேன். ஒவ்வொரு இடைவேளையிலும் மூன்று சக்கரத்தையும் திருப்பச் சோம்பல்பட்டு, பூட்டியதும் கடைசிச் சக்கரத்தை மட்டும் கட்டைவிரலால் ஒரு எண் தள்ளிவிட்டு ஓடுவேன். ஒரு நாள் விளையாட்டு வகுப்பு முடிந்து வந்து பார்த்தால், பூட்டு பூட்டியபடியே தொங்குகிறது. திறந்தேன். கால்குலேட்டரின் உறை மட்டும் இருந்தது. எடுத்தவர் உறையை மூடி, புத்தகத்தின் மேல் ஒழுங்காக வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த ஒழுங்குதான் இன்றைக்கும் எரிச்சலூட்டுகிறது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு சக்கரம் மட்டும் நகர்ந்திருக்கிறது என்று ஊகித்தால் போதும். எந்தச் சக்கரம் என்று தெரியாவிட்டாலும், சக்கரத்துக்கு ஒன்பது வீதம் மொத்தம் 27 முறை திருப்பினால் திறந்துவிடும். ஒரு நிமிட வேலை. ஆயிரம் எண்களைக் கொண்ட பூட்டை நானே 27 எண் பூட்டாக்கி வைத்திருந்தேன்! மூன்று சக்கரத்தையும் கலைத்திருந்தாலும் பெரிய அரண் இல்லைதான். எண்ணுக்கு இரண்டு விநாடி என்று வைத்தால் அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அதனால் நான்கு சக்கரம் உள்ளதாகப் பாருங்கள். பத்தாயிரம் எண்கள் என்றால் ஐந்தரை மணி நேரம் ஆகும். ஆளில்லாத நடைகூடத்தில்கூட அவ்வளவு நேரம் யாரும் நிற்க மாட்டார்கள்.

அதிலும் பிறந்தநாளை வைக்க விடாதீர்கள். நாளும் மாதமுமாக நான்கு இலக்கம் வைத்தால் பத்தாயிரம் சுருங்கி 366 ஆகிவிடுகிறது. வகுப்பில் கேக் வெட்டிய நாள் எல்லோருக்கும் தெரியும் என்பதால், உண்மையில் அது ஒன்றுதான்.

முகப்பில் வட்டமாகச் சுழலும் பூட்டும் உண்டு. 0 முதல் 39 வரை எண்கள் இருக்கும். வலம், இடம், மறுபடி வலம் என்று மூன்று எண்களில் நிறுத்தித் திறக்க வேண்டும். கணக்குப்படி 64,000 வழிகள். சற்றுப் பக்கத்து எண்ணில் நின்றாலும் திறந்துவிடுவதால் நடைமுறையில் அதைவிடக் குறைவு. இதிலும் அதே சோம்பல்தான் ஆபத்து: முதல் இரண்டு எண்களையும் முன்கூட்டியே சுழற்றி வைத்துவிட்டு, வந்ததும் கடைசி எண்ணை மட்டும் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பூட்டியதும் இரண்டு மூன்று முழுச் சுற்று சுழற்றிவிடச் சொல்லுங்கள். சில பூட்டுகளின் முதுகில் சாவித் துளை இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பள்ளி நிர்வாகம் தேவைப்படும்போது திறப்பதற்காக.

எண்ணை நெருங்கிய தோழிக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன் என்று மகள் சொன்னால், அன்றைக்கே எண்ணை மாற்றுங்கள். அந்தத் தோழிக்கும் ஒரு நெருங்கிய தோழி இருப்பாள்.

பணம், கைப்பேசி இரண்டையும் எந்தப் பூட்டை நம்பியும் உள்ளே வைக்க வேண்டாம். லாக்கர் கதவு மெல்லிய தகடு. பூட்டு தாங்கினாலும் கதவு வளைந்துகொடுக்கும். மற்ற பொருள்களில் பெயரை அழியாத மையால் எழுதிவிடுங்கள், உறையில் அல்ல, பொருளின் மேலேயே. என் பெயர் உறையில்தான் இருந்தது.

வாங்கப் போகும்முன் லாக்கரின் நாதாங்கித் துளையை அளந்துகொள்ளுங்கள். வளையம் தடித்த பூட்டாக இருந்தால் துளைக்குள் நுழையாது.