நன்றாகத் தின்றும் இளைக்கும் பூனை

கேள்வி: எங்கள் பூனைக்கு 11 வயதாகிறது. முன்பைவிட அதிகமாகவே சோறும் மீனும் தின்கிறது. ஆனாலும் மூன்று மாதங்களில், தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்படும் அளவுக்கு இளைத்துவிட்டது. வயதானதுதான் காரணமா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வயதின் மேல் பழியைப் போட்டு இருந்துவிடாதீர்கள். நன்றாகத் தின்றும் இளைக்கும் முதிய பூனையிடம் முதலில் சந்தேகிக்க வேண்டியவை, தைராய்டு சுரப்பி மிகையாக இயங்குவதும் நீரிழிவும்தான். தைராய்டு மிகுந்த பூனை நிலைகொள்ளாமல் இரவெல்லாம் கத்தித் திரியக்கூடும்; நீரிழிவானால் தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாகும், சிறுநீரும் மிகுதியாகப் போகும். சிறுநீரகக் கோளாறிலும் இதே தாகம் உண்டு. ஆனால் அதில் பசி பெரும்பாலும் குறைந்துவிடும். தோட்டத்தில் எலி பிடிக்கும் பூனையென்றால் குடற்புழுவையும் மறக்கக் கூடாது.

சாப்பிடும்போது அருகில் அமர்ந்து பாருங்கள். ஆசையாக வந்து, ஒரு வாய் கடித்ததும் தலையைச் சாய்த்து மீன் துண்டை நழுவவிட்டால், பல்லிலோ ஈறிலோ வலி இருக்கிறது என்று பொருள்.

பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று, உங்கள் எடையைக் கழித்து, வாரந்தோறும் குறித்து வையுங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் இழப்பதென்றால் உடலில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்பதால், அந்தக் குறிப்போடு கால்நடை மருத்துவரிடம் சென்று இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். உள்ளூரில் வசதி இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லலாம்.

இடையில் ஒரு நாள் முழுவதும் உண்ணாமல் கிடந்தால் காத்திருக்க வேண்டாம். பட்டினி நீடித்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும். பாரசிட்டமால் மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள். அது பூனையின் உயிரையே பறித்துவிடும்.