உறையில் அச்சடித்ததைக் கேட்டு நடக்கலாமா?

பொருள் வாங்கினால் கூடவே நாலு கட்டளையும் வீட்டுக்கு வருகிறது. குலுக்கு, அலசு, நிழலில் வை, குழந்தைக்கு எட்டாமல் வை. இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்தக் கட்டளைகளைப் பற்றியவைதான். நலம் விசாரிப்பையும் வெயில் புலம்பலையும் வெட்டிவிட்டுச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஷாம்பு பாக்கெட்டின் பின்னால் 'நுரை வரத் தேய்த்து அலசவும், மீண்டும் செய்யவும்' என்று போட்டிருக்கிறது. ஒரு பாக்கெட் எனக்கு ஒரு தடவைக்கே காணவில்லை. மீண்டும் எதை வைத்துச் செய்வது? (வாசகி, கடலூர்)

பதில்: இன்னொரு பாக்கெட்டை வைத்து. அந்த வரி இருப்பதே அதற்குத்தான். பாக்கெட் ஷாம்புவுக்கு வழிகாட்டிய சின்னி கிருஷ்ணனின் ஊர்க்காரர் நீங்கள், இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாமல் போகலாமா? எண்ணெய்க் குளியல் அன்றைக்கு வேண்டுமானால் இரண்டாவது தடவை தேயுங்கள். மற்ற நாளில் ஒன்று போதும்.

கேள்வி: இருமல் மருந்திலிருந்து மாத்திரை வரை எல்லாவற்றிலும் 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று இருக்கிறது. எங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் எது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலூர்)

பதில்: மே மாத வேலூரிலா? ஐயா, மருந்துகளின் தரத்தை வகுக்கும் இந்திய மருந்தக நூலின் கணக்கில் 'குளிர்ந்த' என்றால் 8 முதல் 25 டிகிரி வரை. ஏசி அறைக்கு வெளியே அதைத் தேடி அலைய வேண்டாம். ஃப்ரிட்ஜுக்குள் வைக்கலாமே என்றால் உள்ளே ஈரம், 'உலர்ந்த' அடிபட்டுப் போகிறது. இன்சுலின் மாதிரி 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்லும் மருந்துகளுக்குத்தான் ஃப்ரிட்ஜ். மற்றவற்றை வெயில் படாத அறையில், மர அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள், பேரப்பிள்ளைகள் இருந்தால் பூட்டுப் போட்டு. நம் ஊரில் மருந்து டப்பா நிரந்தரமாகக் குடியிருப்பது ஃப்ரிட்ஜின் தலைமேல். பழைய ஃப்ரிட்ஜ் என்றால் பின்பக்கச் சூடு அங்கேதான் ஏறும். முதலில் அதைக் கீழே இறக்குங்கள்.

கேள்வி: மிக்சி வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. தங்கை கல்யாணத்துக்கு அதில் இட்லி மாவு அரைத்தோம், முக்கால் மணி நேரம் இருக்கும். நடுவில் இரண்டு மூன்று தடவை நின்றது. அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கி மறுபடி ஓட்டினோம். கடைசியில் புகை வந்துவிட்டது. வாரண்டி கிடையாது என்கிறார்கள். இது நியாயமா? (வாசகர், மதுரை)

பதில்: நியாயம்தான். கையேட்டைப் பிரித்தாவது பார்த்தீர்களா? 5 நிமிடம் ஓட்டு, 2 நிமிடம் நிறுத்து, மொத்தம் அரை மணி நேரம். வீட்டு மிக்சிகள் பெரும்பாலானவற்றின் கையேட்டில் இது இருக்கும். அந்தச் சிவப்புப் பொத்தான் சுமை தாங்காமல் மோட்டார் சூடேறும்போது தானாக விழுந்து கரண்டை வெட்டுவதற்காக வைத்தது. விழுந்தால் சுவிட்சை அணைத்து, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, மோட்டார் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். நீங்கள் அதை அலாரம் கடிகாரத்தை அமுக்குவது போல அமுக்கியிருக்கிறீர்கள். தவறாகப் பயன்படுத்திய பொருளுக்கு உற்பத்தியாளர் பொறுப்பில்லை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. காயில் கட்டக் கொடுங்கள். கல்யாணத்துக்கு மாவு அரைக்கத்தான் புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூர் கிரைண்டர் இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் தெருமுனையில் மாவுக்கடை.

கேள்வி: பேரன் காதுகுத்துக்கு முதல் நாள் ராத்திரி, பெட்டிக்கடையில் ஒரு டை பாக்கெட் வாங்கி மீசைக்கும் தலைக்கும் அடித்தேன். விடியும்போது உதடும் கண்ணும் வீங்கிவிட்டன. விழாப் படம் ஒன்றில்கூட நான் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு வேறு. கம்பெனிக்கு போன் செய்தால், 'டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?' என்று கேட்கிறார்கள். பாக்கெட்டில் தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை. (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஐயா, முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. காதுகுத்துக்கு முந்தின ராத்திரிதான் நாம் எல்லோரும் கண்ணாடியையே பார்க்கிறோம்.

பெரும்பாலான கறுப்பு டைகளில் பாரா-பினைலீன்டையமின் என்ற பொருள் இருக்கிறது, சுருக்கமாகப் பிபிடி. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் காதுக்குப் பின்னாலோ முன்கையின் உள்பக்கத்திலோ கொஞ்சம் தடவி, 24 மணி நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள், சில கம்பெனிகள் 48 என்கின்றன. அதுவும் ஒவ்வொரு தடவையும். இதைக் கேட்டு நடந்த ஒரு மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், கௌரவிப்போம்.

ஆனால் உங்களைக் கேள்வி கேட்க அந்தக் கம்பெனிக்கு வாய் கிடையாது. இந்த வகை டையின் எச்சரிக்கையும் சோதனை முறையும் ஆங்கிலத்தோடு வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. இமையிலும் புருவத்திலும் பூசினால் கண் பார்வையே போகலாம் என்ற வரியும் அதில் அடக்கம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-வது பிரிவு, தீங்கு வராமல் பயன்படுத்தப் போதிய வழிமுறை தராத உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. காலி உறையை எறிந்துவிடாதீர்கள். அதுவும், மருத்துவரின் சீட்டும், வீங்கிய முகத்தின் படமும் சேர்ந்தால் உங்கள் வழக்கு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

இன்னொன்று. ஒருமுறை வீங்கியவருக்கு அடுத்த முறை இன்னும் மோசமாக வரலாம். இனி பிபிடி உள்ள எதுவும் வேண்டாம். 'கறுப்பு மருதாணி' என்று விற்பதையும் தொடாதீர்கள். மருதாணி தானாகக் கறுப்பாக இருக்காது, பல நேரம் அதிலும் கலந்திருப்பது இதே பிபிடிதான்.

கேள்வி: இரண்டு நிமிட நூடுல்ஸ் எனக்கு ஏழு நிமிடம் ஆகிறது. (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: தண்ணீர் கொதிக்கிற நேரம் உங்கள் கணக்கு. கொதித்த பிறகுதான் அவர்கள் கணக்கு.

கேள்வி: தேங்காய் எண்ணெய் பாட்டிலில் 'உணவு எண்ணெய்' என்று இருக்கிறது, பச்சைப் புள்ளியும் இருக்கிறது. அப்படியானால் தலைக்குத் தேய்ப்பது தப்பு என்கிறார் என் மாமியார். நாங்கள் காலங்காலமாக அதைத் தலைக்குத்தான் தேய்க்கிறோம். (வாசகி, சேலம்)

பதில்: இந்தச் சண்டைக்கு உங்கள் ஊர்தான் பிறப்பிடம், அம்மா! சேலம் மத்திய கலால் ஆணையர் ஒரு பக்கம், எண்ணெய்க் கம்பெனி மறு பக்கம். சின்னப் பாட்டிலில் அடைத்தால் அது தலைமுடி எண்ணெயா, சமையல் எண்ணெயா என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2018-ல் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள். மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து 2024 டிசம்பரில் முடித்துவைத்தார்கள். பாட்டில் சின்னது என்பதற்காகவே அது தலைமுடி எண்ணெய் ஆகிவிடாது, உணவு எண்ணெய் என்று விற்றால் உணவு எண்ணெய்தான். எல்லாம் வரிக்காக. ஜிஎஸ்டியில் அப்போது சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், தலைமுடி எண்ணெய்க்கு 18. சாப்பிடத் தகுந்ததைத் தலையில் தேய்த்தால் எந்தப் பிரிவிலும் குற்றமில்லை, மாமியாரிடம் சொல்லுங்கள். தலைகீழாகச் செய்துவிடாதீர்கள். விளக்கு எண்ணெய் பாட்டிலில் 'சமையலுக்கு அல்ல' என்று போட்டிருந்தால் அது நிஜமாகவே அல்ல. அப்பளம் ஒன்றே ஒன்று பொரித்துக்கொள்கிறேன் என்றாலும் அல்ல.

கேள்வி: எடை குறைக்கும் பவுடர் டப்பாவில் பொடி எழுத்தில் 'உணவுக் கட்டுப்பாட்டுடனும் தினசரி உடற்பயிற்சியுடனும் பயன்படுத்தவும்' என்று இருக்கிறது. இரண்டு கிலோ குறைந்திருக்கிறேன். பவுடரா, நடையா? (வாசகி, ஈரோடு)

பதில்: நடை. என் வீட்டுப் பரணில் ஒரு வியர்வை பெல்ட் இருக்கிறது. ராத்திரி டிவியில் ஒருவர் தொப்பையோடு வந்து தொப்பை இல்லாமல் போனதைப் பார்த்து வாங்கியது. அதன் துண்டுச் சீட்டிலும் இதே வரிதான். இப்போது மழைக்காலத்தில் என் மனைவியின் முதுகு வலிக்கு ஒத்தடம் கொடுக்கிறது, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

கேள்வி: புது அயர்ன் பாக்ஸ் கையேட்டில் 'உடுத்தியிருக்கும் துணியைத் தேய்க்க வேண்டாம்' என்று எழுதியிருக்கிறார்கள். வாங்குகிறவர்களை என்னவென்று நினைக்கிறார்கள்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வழக்குப் போடுகிறவர் என்று. இத்தனைக்கும் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தைச் சொல்லாமல் விட்டால் பொறுப்பில்லை என்று நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-வது பிரிவே சொல்கிறது. வக்கீல்களுக்கு அதில் திருப்தி இல்லை. விளைவு, உதவாத எச்சரிக்கை பத்து முன்னால் நிற்க, உயிர் காக்கிற ஒன்று பின்னால் போய்விடுகிறது. குக்கர் கையேட்டை எடுத்துப் பாருங்கள். அரிசி மாதிரியானவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு, பொங்கி நுரைக்கும் பருப்புக்குப் பாதிக்கு மேல் நிரப்பாதே என்ற வரி எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது? பருப்புத் தோல் வெயிட் துளையை அடைத்தால் என்ன ஆகும் என்பதை முதல் பக்கத்தில் படம் போட்டல்லவா காட்ட வேண்டும்? கையேட்டுக்கு முன்னால் குக்கரில் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். 2021 பிப்ரவரி முதல் அது இல்லாமல் விற்கவே கூடாது.

கேள்வி: கிரைண்டர் வாங்கிய பில்லில் 'வாரண்டிக்கு இந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கவும்' என்று இருந்தது. பத்திரமாகத்தான் வைத்தேன். இப்போது எடுத்தால் வெள்ளைத் தாள். கடைக்காரர் சிரிக்கிறார். (வாசகி, நாகர்கோவில்)

பதில்: வாருங்கள் அம்மா, இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

அந்தத் தாளில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ரசாயனப் பூச்சு பூசிய தாள் அது. மிஷினில் இருக்கும் சூடான முனைதான் எழுத்தை உண்டாக்குகிறது. பிறகு வெயில், வெப்பம், கை எண்ணெய் எது பட்டாலும் எழுத்து மங்கும். எல்லாவற்றையும்விட மோசம் பிளாஸ்டிக் உறை. அதிலிருந்து கசியும் ரசாயனமே எழுத்தைத் தின்றுவிடும். அதாவது எவ்வளவு பத்திரமாக வைக்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் அழியும். ஐந்து வருட வாரண்டியை ஒரு வருடம்கூடத் தாங்காத தாளில் அடித்துக் கொடுத்துவிட்டு, அதைப் பத்திரமாக வை என்று அந்தத் தாளிலேயே எழுதுவதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

ஃப்ரிட்ஜுக்கு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினேன். பில்லை பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் நிலப் பத்திரத்தோடு வைத்தேன். ஸ்டெபிலைசர் செத்த அன்று எடுத்தால், மேலே கடை முத்திரை மட்டும் ஊதா நிறத்தில் இருந்தது. 'பில் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது சார்.' பில் இருக்கிறதே! 'எழுத்து இல்லையே சார்.' அரை மணி நேரம் இப்படியே போனது. அதுவும் நல்ல ஸ்டெபிலைசர் இல்லை என்பது தனிக் கதை.

செய்ய வேண்டியது இதுதான். கடைக்காரரைச் சிரிக்க விட்டுவிட்டு, டூப்ளிகேட் கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருந்தே ஆக வேண்டும். உங்கள் தாளில்தான் எழுத்து போனது, அவர் கம்ப்யூட்டரில் இருக்கும். மொபைல் எண்ணையோ, கார்டிலோ ஜிபேயிலோ கட்டிய தேதியையோ சொன்னால் எடுத்துவிடலாம். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள், பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள். இறங்காதவருக்கு 1915. அப்புறம் மாவட்ட ஆணையம். அங்கே 5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.

மற்றவர்களுக்கு: பில் கையில் வாங்கியதும், கடை வாசலிலேயே போனில் படம் எடுங்கள். பெரிய பொருள் என்றால் அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ். வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் விழாமல் படி இறங்காதீர்கள். பில்லே தரவில்லை என்றால் அது முறையற்ற வணிகம் என்று சட்டமே பெயர் வைத்திருக்கிறது. 'ஜிஎஸ்டி இல்லாம போடட்டுமா, கம்மியா வரும்' என்று அவர் கேட்டு, நீங்கள் தலையாட்டிவிட்டு வந்து எனக்குக் கடிதம் எழுதினால் பதில் வராது.

கேள்வி: 'பயன்படுத்தும் முன் பிளாஸ்டிக் உறையை அகற்றவும்' என்றிருந்தும் என் கணவர் சோபா உறையைப் பிரிக்க விடுவதில்லை. மூன்று வருடமாக வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். (வாசகி, அம்பத்தூர்)

பதில்: அவர் வெளியூர் போகும் நாளில் கத்தரிக்கோலை எடுங்கள்.

கேள்வி: கேஸ் சிலிண்டரின் மேல் வளையத்துக்குக் கீழே 'பி-27' என்று இருக்கிறது. எரிவாயு கெட்டுப்போகும் தேதி என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதற்குள் தீர்க்க வேண்டுமே என்று அடிக்கடி கேசரி கிளறுகிறோம். (வாசகர், காரைக்குடி)

பதில்: எரிவாயு கெட்டுப்போகாது. சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டிய காலம் அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி, டி அடுத்தடுத்த மூன்று மாதங்கள். பக்கத்தில் இருப்பது வருடம். உங்களுடையது 2027 ஏப்ரல்–ஜூன். காலம் தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்காமல் வேறு கேளுங்கள், கொண்டுவருகிறவர் முறைத்தாலும் பரவாயில்லை. அப்படியே குனிந்து ஆரஞ்சு டியூபையும் பாருங்கள், அதில் வருடம் அச்சடித்திருக்கும். ஐந்து வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். கேசரியை நிறுத்த வேண்டியதில்லை.